தட்டு தட்ட அனுமதி எதற்கு என்று எழுதிக் கொடுத்த மீனம்பாள் அம்மையாருக்கு

மும்மலை சூழ்ந்த செஞ்சியின் முத்தே! கோப்புகளுக்கு நடுவே குடியிருந்தும் கோணாத கோலே! தளவானூர் ஈன்ற தன்மானத் தாயே! முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுக்கு எழுதியும் ஓர் எழுத்தைக்கூட நசுக்காத நல்லாளே! எங்கள் கண்காணிப்பாளர் மீனம்பாள் அம்மையாரே! பதினொரு பணியாளர்களும் எழுந்து நின்று கைகூப்புகிறோம். வணக்கம்!

அடைமொழிகளை அடுக்கிவிட்டோம். அடுத்து தங்கள் பொறுமையையும் பணிவையும் போற்ற வேண்டும் என்று, சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவருக்குப் படித்த மடலின் நகலைக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். பொறுமையைப் போற்றலாம், அது தங்களிடம் மலையளவு இருந்தது. பணிவை எப்படிப் போற்றுவது? இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதினால் தாங்களே சிவப்புப் பென்சிலை எடுத்து அடித்துவிடுவீர்கள். ஆகவே அந்த நகலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம். எழுதும் வேலை தட்டச்சர் மோனிகாவாகிய என் தலையில் விழுந்தது. கடந்த ஆறு மாதங்களாகத் தங்களுக்கு வந்த அநியாயக் கடிதங்களுக்கெல்லாம் பதில் தட்டச்சு செய்தது என் கைதான் என்பதால், மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

மேடையில் சாமந்தி மாலை இருக்கிறது, சால்வை இருக்கிறது, ஜாங்கிரியும் மிக்சரும் பொட்டலமாக இருக்கின்றன. இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. ‘வயது முதிர்வின் காரணமாக இன்று பிற்பகல் பணி ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார்’ என்று மேலலுவலகம் அனுப்ப வேண்டிய ஒற்றைத்தாள் ஆணை இன்னும் வரவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்குள் அது வராவிட்டால், தாங்கள் ஓய்வுபெற்றவரும் அல்லர், பணியில் இருப்பவரும் அல்லர். தங்கள்மேல் உள்ள விசாரணை முடியும்வரை நடுவில் தொங்க வேண்டியவர். ஊரார்க்கெல்லாம் அனுமதி கேட்டு எழுதிய கைக்கு, அறுபது வயது ஆனதற்கே அனுமதி இல்லையாம். என்ன கொடுமை இது! இதைப் பாராட்டு மடலில் எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். வேறு எதில் எழுதுவது?

அம்மையீர்! தங்கள் தமிழ்ப் பற்றைச் சொல்லாமல் தங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்ட அலுவலக உதவியாளர் தேவேந்திரன், ‘காய்சல்’ என்று எழுதிய குற்றத்திற்காக, கொதிக்கும் உடம்போடு நின்று இன்னொரு தாளில் ஒற்றெழுத்தைச் சேர்த்து எழுதினார். “மேடம், எழுத்து சரியாச்சு, எனக்குத்தான் இன்னும் சரியாவல” என்று அவர் முனகியதும், ஓர் ஆட்டோக்காரரை அழைத்து அவரை மருத்துவமனைக்கு அனுப்பியதும் தாங்களே. மேல்மலையனூர் அமாவாசையன்று பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் போய்விட, செஞ்சியே நடுரோட்டில் நிற்கும் நாளிலும் பத்து மணிக்குத் தங்கள் நாற்காலியில் தாங்கள் இருந்தீர்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், “வந்துட்டேன் இல்ல, கோப்பக் குடு” என்பீர்கள்.

அந்த நாற்காலிக்கு முன்னால்தான் எட்டு ஆண்டுகள் பறவை விரட்டும் அனுமதிப் பிரிவு இருந்தது. வல்லத்திற்கு மேற்கே உள்ள சித்தேரி, பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, ஏரியைச் சுற்றியுள்ள நிலங்களில் வெடி வெடிக்கவும் வலை கட்டவும் முன்னனுமதி வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். தாங்கள் அதை ஒருநாளும் பழித்ததில்லை. கடல் கடந்து மலை கடந்து வரும் பறவைக்கு நம் ஊரில் ஒரு மரம் கிடைக்க வேண்டும் என்று எங்களோடு சண்டை போட்டவர் தாங்கள். “குருவியும் பொழைக்கணும், குடியானவனும் பொழைக்கணும். ரெண்டு பேருக்கும் நடுவுலதான் நம்ம நாற்காலி கெடக்குது, அதுல தூங்கக் கூடாது” என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வீர்கள். நாற்காலியில் தூங்காதவருக்குத்தான் இன்று இந்த நிலை.

சென்ற ஐப்பசிக் கடைசியில், சித்தேரிக் கரையில் ஒன்றரை ஏக்கர் கம்பு போட்டிருந்த தனகோட்டி தங்கள் முன் வந்து நின்றார். “சூறக்குருவி வந்து எறங்குற காலம் மேடம். கூட்டமா வந்துச்சுன்னா ஒரே நாள்ல மொட்டையடிச்சிட்டுப் போவும். நாலு வெடி வெக்கவும் வல கட்டவும் அனுமதி வேணும்” என்றார். கறுத்த தலையும் இளஞ்சிவப்பு உடம்பும் கொண்டு குளிர்காலத்தில் இங்கே வந்து, கோடை தொடங்குமுன் திரும்பிவிடும் பறவை அது. ஊரில் அதற்குச் சூறைக்குருவி என்று பெயர். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் வம்பில்லை. ஆனால் தாங்கள் எதையும் சரியாக எழுதுபவர் ஆயிற்றே! துறையின் பட்டியலைப் புரட்டி, அதில் உள்ள பெயரைத் தேடிப் பிடித்து, ‘சோளக்குருவி’ என்று முத்து முத்தாக எழுதினீர்கள். இரண்டும் ஒரே பறவைதான்.

இருபத்திரண்டு நாள் கழித்து மனு திரும்பி வந்தது. என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா, அவையோரே? ‘மனுவில் கண்ட பறவை சோளக்குருவி. மனுவில் கண்ட பயிர் கம்பு. பறவைக்கும் பயிருக்கும் பொருத்தமின்மையால் மனு திருப்பப்படுகிறது.’

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. ஒற்றை விரலால் அந்தத் தாளைத் தள்ளி வைத்து, “என் கையாலதான் இது நடந்துச்சு. அவரு சொன்ன பேர எழுதியிருக்கணும்” என்றீர்கள். அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறக்கவேயில்லை. பிறகு எனக்கு வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: ‘சோளக்குருவி சோளத்தை மட்டுமே தின்னும் என்பது பெயரைக் கொண்டு செய்த ஊகம். குதிரைவாலியை அறுத்தால் எக்குதிரையும் துடிப்பதில்லை. ஆனைக்கொய்யா ஆனைக்காகக் காய்ப்பதில்லை. கம்பு பால் பிடித்துவிட்டது. குருவி நம் கடிதத்திற்குக் காத்திராது. உடன் ஆணை வேண்டுகிறேன்.’ தட்டச்சைப் பாதியில் நிறுத்தி, “மேலெடத்துக்கு இப்படி எழுதலாமா மேடம்?” என்று கேட்டேன். “இலக்கணப் பிழ இருக்குதா?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். “அப்ப அனுப்பு” என்றீர்கள்.

அதற்கு வந்த பதிலில் குதிரையும் இல்லை, குருவியும் இல்லை, புதிதாக ஒரு கேள்வி இருந்தது. மேற்படி பறவைகள் வலசை வருபவைதாம் என்பதற்கு ஆதாரமாக, அவை இக்கிராமத்தில் நிரந்தரமாக வசிக்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று இணைக்க வேண்டுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி குருவிக்கு விலாசம் கேட்டார். கிராம நிர்வாக அலுவலர் அரிகிருஷ்ணன் ஐயா இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். “இன்னா மேடம் இது? குருவிக்கு ரேஷன் கார்டு எந்த ஊர்ல இருக்குதுன்னு விசாரிச்சு எழுதணுமா?” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் எழுதினார். ‘மேற்படி குருவிகள் இவ்வூரில் நிரந்தரமாக வசிக்கவில்லை என்று நேரில் விசாரித்ததில் தெரியவருகிறது’ என்று எழுதி முத்திரையும் குத்தினார். யாரை விசாரித்தீர்கள் ஐயா என்று நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை.

அந்தச் சான்று மேலே போன வாரத்தில், மார்கழி நடுவில், தனகோட்டியின் மனைவி செல்லம்மாள் கையில் ஒரு எவர்சில்வர் தட்டோடு நம் அலுவலகத்திற்குள் நுழைந்தார். குருவிக் கூட்டம் இறங்கிவிட்டது. வெடியும் வலையும்தான் இல்லை, தட்டையாவது தட்டலாம் என்று அவர் வரப்பில் நின்று தட்டியிருக்கிறார். துறை வண்டியில் போன ஒருவர் நிறுத்தி, அனுமதி இல்லாமல் பறவையை விரட்டினால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். “கையத் தட்டினாகூட கேசாம் மேடம். நானும் அவரும் வரப்புல கையக் கட்டிக்கினு நின்னு அது தின்றத வேடிக்க பாக்கறோம். வயல்லயும் தட்டுதான் நிக்குது, கையிலயும் தட்டுதான் இருக்குது. தட்டலாமா கூடாதா, ஒரே வார்த்த எழுதிக் குடுங்க” என்றார். கதிர் போய் வெறுந்தாளாக நின்ற கம்பந்தட்டைச் சொன்னாரா, கையிலிருந்த தட்டைச் சொன்னாரா என்று பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றரை ஏக்கரில் பாதிக்கு மேல் அதற்குள் போய்விட்டிருந்தது.

தாங்கள் விதிப் புத்தகத்தை எடுத்தீர்கள். வெடி என்றிருக்கிறதா, இருக்கிறது. வலை என்றிருக்கிறதா, இருக்கிறது. தட்டு என்று எங்காவது இருக்கிறதா என்று இருமுறை படித்தீர்கள். இல்லை. பிறகு அவருடைய மனு ரசீதைத் திருப்பி, அதன் முதுகில் எழுதினீர்கள்: ‘தட்டு தட்டியும் கூவியும் கைவீசியும் பயிரிலிருந்து பறவையை விரட்ட எவர் அனுமதியும் தேவையில்லை.’ கீழே கையெழுத்து, பதவி, தேதி, முத்திரை. அன்று மாலையே அந்த ஊரே தட்டோடு வயலுக்கு வந்தது. குருவிகள் ஒன்றும் சாகவில்லை. எழும்பி ஏரிக்கரைக் கருவேல மரங்களுக்குப் போயின, புழு பூச்சிகளைத் தின்றன. மிஞ்சியிருந்த அரை ஏக்கர் கம்பு தப்பியது. அந்தச் சீட்டு ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு ஏரியைச் சுற்றி நாற்பது வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டது.

ஒரு நகல் மேலலுவலகத்திற்கும் போய்ச் சேர்ந்தது. மனுவுக்கு இருபத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டவர்கள், தங்கள்மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்ப எடுத்துக்கொண்டது மூன்றே நாள்! ‘தகுதியற்ற அலுவலர் தம் அதிகார வரம்பை மீறி அனுமதி வழங்கியமை’ என்பது குற்றம். அதில் ஓர் உட்கேள்வி வேறு: தட்டு என்பது கால்நடைத் தீவனமா, உலோகக் கலமா என்று தெளிவுபடுத்த வேண்டுமாம்! வெட்கக்கேடு! கோட்டைக்குள்ளே கல்லால் களஞ்சியம் கட்டித் தானியம் காத்த ஊரில், தட்டு என்றால் என்னவென்று கேட்கிறார்கள். இவர்கள் எதில் சோறு தின்கிறார்கள் என்று நாங்களும் ஒரு விளக்கம் கேட்டிருக்கலாம்.

தாங்கள் இரண்டே வரியில் பதில் எழுதினீர்கள்: ‘நான் அனுமதி வழங்கவில்லை. அனுமதி தேவையில்லை என்றேன்.’ அதற்கு அவர்கள் எழுதியதை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம்: ‘அனுமதி தேவையில்லை என்று சொல்வதற்கும் அனுமதி தேவை.’

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், தனகோட்டியின் அனுமதி ஆணையைப் பார்க்கலாம். அது பங்குனிக் கடைசியில் வந்தது. குருவிகள் ஊரைவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. கம்பந்தட்டு அறுத்து, நிலம் உழுது கிடந்தது. விரட்டப்பட்ட பறவைகளின் எண்ணிக்கையைப் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “யார வெரட்டட்டும் மேடம்?” என்று தனகோட்டி கேட்டார். தாங்கள் எழுந்து போய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு மனுதாரருக்குத் தங்களால் பதில் சொல்ல முடியாமல் போனது அன்று ஒருநாள்தான்.

நேற்று நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். தாங்கள் வேண்டாம் என்றீர்கள். இந்த ஒருமுறை மட்டும் தங்கள் சொல்லைத் தட்டுகிறோம். பிற்பகலில் மேலிருந்து தொலைபேசி வந்தது. ‘அறியாமையால் எழுதிவிட்டேன், அக்குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால், ஓய்வு ஆணை அரை மணி நேரத்தில் மின்னஞ்சலில் வந்துவிடும் என்றார்கள். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அடித்துக்கொடு என்று தாங்கள் சொன்னபோது, சரி, போராடிக் களைத்துவிட்டார், போகட்டும், நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கண்ணில் நீர் மறைத்ததில் ‘அரியாமையால்’ என்று அடித்துவிட்டேன். தாங்கள் சிவப்புப் பென்சிலால் அந்த எழுத்தைச் சுழித்தீர்கள். திருத்தி இன்னொரு தாள் கொண்டுவந்தேன். ஒருமுறை படித்தீர்கள். “இப்ப சரியா இருக்குது மோனிகா. எழுத்துப் பிழ இல்ல. மிச்சம் இருக்குறது பொய் மட்டுந்தான்” என்று சொல்லிக் கையெழுத்திடாமல் கோப்புத் தட்டிலேயே வைத்துவிட்டீர்கள்.

பிறகு நான் அழுததைப் பார்த்து எரிச்சலோடு சொன்னீர்கள்: “அத நான் வாபஸ் வாங்குனா, நாப்பது வீட்டுக் கதவுல ஒட்டியிருக்குறது என்னாவும்? அடுத்த மார்கழிக்கு அந்தப் பொம்பள திரும்பவும் கையக் கட்டிக்கினு நிக்கணுமா?” அவ்வளவுதான். உடனே, ஒரு தாள் வீணாகிவிட்டதே என்று அதன் பின்பக்கத்தில் தேநீருக்குச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்.

தாங்கள் போன பிறகு நாங்கள் பதினொருவரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். யார் முதலில் சொன்னார்கள் என்று இப்போது சொல்லமாட்டோம். விசாரணையில் கேட்டாலும் சொல்லமாட்டோம். இந்த மடலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அம்மையீர்! ‘தட்டு தட்டியும் கூவியும் கைவீசியும் பயிரிலிருந்து பறவையை விரட்ட எவர் அனுமதியும் தேவையில்லை’ என்ற அதே வரியை, ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுதி, பெயரும் பதவியும் தேதியும் இட்டுக் கையெழுத்திட்டிருக்கிறோம். பதினொரு முறை இருக்கிறது. தேவேந்திரன் எழுதியதில் ஒற்று ஒன்றும் விடவில்லை, தயவுசெய்து கவனியுங்கள். அது குற்றம் என்றால் இனி அக்குற்றவாளி தாங்கள் ஒருவர் அல்லர். மடலுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் பின்னால் அட்டை வைத்து ஆணி அடிக்கப் பார்த்தார். அட்டை வேண்டாம், இரண்டு பக்கமும் கண்ணாடி போடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். பின்பக்கத்தின் நகல் ஒன்று இன்று காலைத் தபாலில் மேலலுவலகத்திற்குப் போய்விட்டது.

வாழ்த்தாமல் மடலை முடிக்கக் கூடாது. ஆகவே வாழ்த்துகிறோம். தங்கள் சர்க்கரை கட்டுக்குள்ளும் சினம் கட்டுக்கு வெளியிலுமாகத் தாங்கள் நூறு மார்கழி காண வேண்டும்! முழங்கால் வலி விட்டுப் போக வேண்டும்! தளவானூர்ப் பிள்ளைகள் யார் கடிதம் எழுதினாலும் சிவப்புப் பென்சிலோடு தாங்கள் குறுக்கே வந்து நிற்க வேண்டும்! சோளமோ கம்போ, சித்தேரிக் கரையில் விளைவதில் முதல் கதிர் தங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும்!

மணி நாலேகால். ஆணை இன்னும் வரவில்லை. வரும், வராது என்று சாளரம் வழியே தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அம்மையீர். சூறைக்குருவிகள் பங்குனியில் ஊர் திரும்பியபோது எவரிடமும் மனுப் போடவில்லை. ஐந்தே முக்காலுக்குத் தங்கள் கைப்பையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, இந்த வாசல் வழியாகவே புறப்படுங்கள். தளவானூர் பஸ் ஆறு மணிக்கு. நாங்களும் உடன் வந்து ஏற்றிவிடுகிறோம்.

மடல் படித்து முடிந்ததும் அவையோர் கைதட்டுவது வழக்கம். பின்வரிசையில் சித்தேரிக் கரையிலிருந்து நாற்பது வீட்டார் வந்திருக்கிறார்கள். எல்லார் மடியிலும் துண்டால் மூடி என்னவோ இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். செல்லம்மாள் அக்கா, எழுந்திருங்க. தட்டுங்க. எவர் அனுமதியும் தேவையில்லை.

பின்பக்கமும் கையெழுத்திட்டிருக்கும்,
தங்கள் பணியாளர்கள் பதினொருவர்,
செஞ்சி.

எழுதியும் அடித்தும் திருத்தியும் படித்தவர்: தட்டச்சர் மோனிகா